விருந்தும் இசையும்: ஜப்பானிய உண்டிச்சாலைகளின் வரலாறு

பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ஆசிய நாடுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜப்பான் நாட்டு விருந்துக்கூடம் ஒன்றின் வண்ணப்படம் சுவரில் தொங்கியது. பாய் விரித்த அறை. தாழ்ந்த சிறு மேசைகள். அவற்றின்மீது அளவாக உணவு வைத்த கிண்ணங்கள். வரிசையாக அமர்ந்து உண்ணும் விருந்தினர். அறையின் ஓரத்தில் ஒரு பெண்மணி மண்டியிட்டு அமர்ந்து, மூன்று நரம்புகள் கொண்ட கருவி ஒன்றை மீட்டிக்கொண்டிருந்தார். உணவு, உடை, வீட்டமைப்பு ஆகிய எல்லாவற்றையும் விளக்கி முடித்து, "ஐயம் ஏதேனும் உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, வாசிக்கிறார்களே அந்த அம்மா, அவர்கள் எப்பொழுது சாப்பிடுவார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்து, அவனை உட்காரச் சொன்னேன்.

அன்று எனக்கு விடை தெரியாது. தெரியாததை மறைக்கச் சிரிப்பு உதவிற்று. ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. உண்டிச்சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் சமையலைப் பற்றி எழுதுவர். இசை வரலாற்றை எழுதுவோர் கருவிகளையும் பாடல்களையும் ஆராய்வர். இவ்விரண்டும் கூடிய இடத்தில் அமர்ந்திருந்த மனிதரின் பசியைப் பற்றிக் கேட்டவன் அச்சிறுவன் ஒருவனே. அவன் கேள்வியைத் துணையாகக் கொண்டு ஜப்பானிய வரலாற்றில் ஓராயிரத்து முந்நூறு ஆண்டுகள் நடந்து வந்தால், ஒரு நாட்டின் விருந்துக்கூடத்திலேயே அந்நாட்டு நீதியின் அளவும் தெரியக் காணலாம். இன்றைய உரையில் அவ்வாறு நடந்து பார்ப்போம்.

தொடக்கத்தில் விருந்தும் இசையும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியனவாக இருந்தன. கி.பி. 701ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தைஹோ சட்டம், அரசவை இசைக்கெனத் தனித் துறை ஒன்றையே ஏற்படுத்தியது. சீனம், கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த இசையும் ஆடலும் அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் இவ்விடத்தில் உண்டு. 752ஆம் ஆண்டில் நாரா நகரத்துத் தோடைஜி கோயிலில் பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறக்கும் சடங்கு நிகழ்ந்தது. அதனை நடத்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்த அவரைத் தென்னிந்தியர் என்று ஜப்பானிய மரபு கூறுகிறது. அவருடன் சென்ற சம்பா நாட்டுத் துறவி ஒருவர் தம் நாட்டு ஆடலிசையை அங்கே கற்பித்தார் என்றும் அம்மரபு சொல்லும். 'ககாக்கு' என்று பெயர் பெற்ற இந்த அரசவை இசை இன்றும் வழக்கில் உள்ளது. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அவ்விசையை வாசித்தோர் பதவியும் பட்டமும் உடைய அரசவைப் பணியாளர். அவர்களுடைய பசியைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை.

அரண்மனைக்கு வெளியே நிலைமை வேறு. பீவா என்னும் நரம்புக்கருவியைத் தோளில் சுமந்து, கண்பார்வை இழந்த பாடகர்கள் ஊர் ஊராகச் சென்றனர். போரில் அழிந்த ஹெயிக்கே குலத்தாரின் கதையைப் பாடி, கேட்டோர் கொடுத்ததை உண்டு வாழ்ந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் அக்காஷி காக்குயிச்சி. 1371ஆம் ஆண்டில் மறைவதற்குச் சிறிது முன்னர், தாம் பாடிவந்த கதை முழுவதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிவைத்தனர். பார்வையற்ற இசைவாணர்கள் 'தோடோ' என்னும் சங்கமாகத் திரண்டனர். பிற்காலத்தில் ஷோகன்களின் ஆட்சியும் அதற்குப் பாதுகாப்பளித்தது. ஏழைப் பாடகனுக்கு ஒரு சங்கத்தின் நிழல் கிடைத்ததென்பது சிறு செய்தியன்று.

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், 1562ஆம் ஆண்டையொட்டி, ஒசாகாவை அடுத்த சாக்காய் துறைமுகத்திற்கு ஒரு புதிய கருவி வந்திறங்கியது. சீனத்தில் பிறந்து, தெற்கேயுள்ள ரியூக்யூ தீவுகளில் வளர்ந்த 'சான்ஷின்' என்னும் மூன்று நரம்புக் கருவியே அது. இன்று அத்தீவுகளை நாம் ஒக்கினாவா என்கிறோம். அங்கே அதன் குடத்தைப் பாம்புத் தோலால் போர்த்துவர். அவ்வளவு பெரிய பாம்பு ஜப்பானில் இல்லாமையால் அங்கே பூனைத்தோலும் நாய்த்தோலும் போர்த்தினர். அதனை முதலில் கைக்கொண்டவர்கள் பீவா வாசித்த பார்வையற்ற கலைஞர்களே. பழகிய கருவியின் அகன்ற மீட்டுகோலையே புதியதற்கும் பயன்படுத்தினர். ஷாமிசென் இவ்வாறு பிறந்தது. எடுத்துச் செல்ல எளியது. பாடும் குரலுக்கு இணங்குவது. நகரத்து விருந்துகளுக்கென்றே அமைந்ததுபோல் அது விளங்கிற்று.

விருந்துக்குரிய நகரமும் விரைவில் எழுந்தது. தோக்குகாவா ஷோகன்கள் எடோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டனர். இன்றைய டோக்கியோ அதுவே. சிற்றரசர் ஒவ்வொருவரும் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் தங்கவேண்டும் என்று 1635ஆம் ஆண்டில் விதி செய்தனர். அவர்களுடன் ஆயிரக்கணக்கான வீரர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தனர். 1657ஆம் ஆண்டில் பெருந்தீ ஒன்று நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. மாண்டவர் தொகை இலட்சத்தை எட்டும் என்பர். நகரை மீண்டும் கட்டுவதற்குத் தச்சரும் கொத்தரும் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தனர். தனித்து வாழும் ஆடவர் பெருகிய இடத்தில் சோறு விற்கும் கடை தோன்றுவது இயல்பேயன்றோ? அசாகுசா கோயிலருகே, தேநீரில் வேகவைத்த சோற்றையும் பயறு வகைகளையும் தோஃபு இட்ட சாற்றையும் ஒரே விலைக்குத் தரும் கடைகள் தோன்றின. எடோவின் முதல் உண்டிச்சாலைகளென அவற்றையே குறிப்பிடுவர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. அக்காலச் சமூகப் படிநிலையில் வீரருக்கு முதலிடம்; அடுத்து உழவர், கைவினைஞர்; எல்லோருக்கும் கீழே வணிகர். ஆனால் செல்வமோ வணிகரிடம் சேர்ந்தது. பணம் உண்டு, பதவி இல்லை. அவர்கள் வாள் ஏந்த முடியாது. ஆட்சியில் பங்கு பெற முடியாது. ஆடம்பரமாக உடுத்துவதற்கும் தடை. ஆகவே அவர்களுடைய செல்வம் கண்ணுக்குத் தெரியாத வழிகளில் செலவாயிற்று. தோட்டம் சூழ்ந்த உயர்தர உண்டிச்சாலைகள் அவ்வாறு வளர்ந்தவை. காய்கறி வணிகராகத் தொடங்கிப் பெரும் உண்டிச்சாலை முதலாளிகளான யாவோசென் குடும்பத்தார் அவற்றுள் பெயர் பெற்றவர்கள். அக்குடும்பத்தவர் ஒருவர் 1822ஆம் ஆண்டு முதல், புகழ் பெற்ற ஓவியர்களின் படங்களோடு சமையல் நூலே வெளியிட்டார்.

அந்த விடுதியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இருவர் மூவர் சேர்ந்து போய், "ஆடம்பரமெல்லாம் வேண்டா, தேநீர் ஊற்றிய சோறும் ஊறுகாயும் போதும்" என்றனராம். அரைநாள் காக்கவைத்தபின் உணவு வந்தது. விலை என்ன தெரியுமா? ஒன்றரை ரியோ பொன்! திகைத்தவர்க்கு விடுதிக்காரர் விளக்கம் சொன்னார்: "அந்தத் தேயிலைக்கு ஏற்ற தண்ணீர் இங்கே இல்லை. தாமா ஆற்றின் மேற்புறத்திற்கு விரைந்தோடும் ஆள் ஒருவனை அனுப்பித் தருவித்தோம்." கதை உண்மையோ, ஊரார் கட்டியதோ, அக்காலத்துச் செல்வர் சுவைக்கு எவ்வளவு கொடுக்க ஒருப்பட்டனர் என்பதை அது காட்டுகிறது.

இத்தகைய விடுதிகளில் விருந்து நடக்கும் முறை தனியானது. பலர் கூடும் பொதுக்கூடம் அன்று. தோட்டத்தைப் பார்த்த சிறு சிறு அறைகள். முதலில் அரிசி மதுவும் அதற்கேற்ற கறிவகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இசையும் ஆடலும் அவற்றிடையே நிகழும். சோறும் சாறும் முடிவிலேதான் வரும். சோறு வந்தால் விருந்து முடிவுக்கு வந்தது என்று பொருள். இசையும் அறையின் அளவுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்டது. நாடக அரங்கில் அகன்ற மீட்டுகோலால் ஓங்கி ஒலிக்கும் ஷாமிசென், சிறிய அறையில் விரல் நுனியால் மெல்ல மீட்டப்பட்டது. 'கொவுத்தா' என்னும் குறும்பாடல் வகை இவ்வாறு உருப்பெற்றது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் பாடப்படும். விருந்தறையின் சுவர்களே ஓர் இசைவகைக்கு இலக்கணம் வகுத்தன எனலாம்.

இனி, அந்தச் சிறிய அறையின் ஓரத்தில் அமர்ந்திருப்பவரை நோக்குவோம். கெய்ஷா என்பது அவர் பெயர். அச்சொல்லுக்குக் கலை வல்லவர் என்பதே பொருள். முதலில் ஆடவரே இத்தொழிலில் இருந்தனர். 1750ஆம் ஆண்டையொட்டிப் பெண்கள் இதில் புகுந்து, விரைவில் ஆடவரை மிஞ்சினர். யோஷிவாரா என்னும் பரத்தையர் பகுதியில் 1779ஆம் ஆண்டில் கெய்ஷாக்களுக்கெனப் பதிவலுவலகம் ஒன்று ஏற்பட்டது. அவர்கள் இசையும் ஆடலும் மட்டுமே அளிக்கவேண்டும் என்று விதித்து, அவர்களுடைய உடைக்கும் ஒழுக்கத்திற்கும் அது வரையறை செய்தது. அவர்களுடைய நேரத்தை அளந்த முறை வியப்பானது. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைப்பார்கள். அது எரிந்து தீர்ந்தால் ஒரு பங்கு ஊதியம். விருந்து முடியும்போது எத்தனை வத்திகள் எரிந்தன என்று எண்ணிக் கணக்கிடுவார்கள். கடிகாரம் புழக்கத்திற்கு வந்த பின்னரும், அத்தொகைக்கு வத்திக் கூலி என்ற பெயர் நெடுங்காலம் நின்றது.

வத்தி எரிந்த கூலி யாருக்குப் போயிற்று? இங்கேதான் வரலாறு கசக்கிறது. வறிய பெற்றோர் தம் சிறுமியைக் கெய்ஷா இல்லத்தில் விட்டு முன்பணம் பெற்றனர். அச்சிறுமி குறித்த ஆண்டுகள் உழைத்து அதனைத் தீர்க்கவேண்டும். அவள் உண்ட சோறு, உடுத்த பட்டு, இசை கற்பித்த ஆசிரியருக்குக் கொடுத்த கூலி ஆகியனவும் கடனில் சேர்ந்தன. அவள் இனிமையாக வாசிக்க வாசிக்க இல்லத்தின் வருவாய் பெருகிற்று. அவளுடைய கடன் எளிதில் குறையவில்லை. விருந்தினர் முன் உண்ணலாகாது என்பதும் அத்தொழிலின் ஒழுங்கு. என் மாணவன் கேட்டதற்கு ஒரு விடை இது: விருந்துக்குப் புறப்படுமுன் சிறிது உண்பார், இல்லையேல், எல்லோரும் சென்றபின் உண்பார். கேள்வியின் முழு விடை இதுவன்று.

1868ஆம் ஆண்டில் ஷோகன் ஆட்சி வீழ்ந்து மீஜி பேரரசரின் ஆட்சி தொடங்கியது. பழைய கட்டுகளை அறுக்கும் ஆர்வம் புதிய அரசுக்கு மிகுதி. 1871ஆம் ஆண்டில் பார்வையற்றோரின் தோடோ சங்கத்தைக் கலைத்தது. தனியுரிமைகள் ஒழிந்தன என்பது ஒரு வகையில் நன்மையே. ஆனால் அச்சங்கத்தை நம்பி வாழ்ந்தோர்க்கு மாற்று வழி காட்டப்படவில்லை. வடகோடியிலுள்ள த்சுகாரு பகுதியில் பார்வையற்ற ஷாமிசென் கலைஞர்கள் பனியில் வீடு வீடாகச் சென்று, வாசலில் நின்று வாசித்து, ஒரு பிடி அரிசி பெற்று வாழ்ந்தனர். 1910ஆம் ஆண்டில் பிறந்த தக்காஹாஷி சிக்குசான் அவ்வாறு வாசல்தோறும் வாசித்தவரே. அவர் 1998ஆம் ஆண்டில் மறைந்தபோது நாடறிந்த கலைஞராக இருந்தார். அந்த உயர்வைக் காண எத்தனை வாசல்களைக் கடக்கவேண்டியிருந்தது!

சங்கம் கலைக்கப்பட்ட மறு ஆண்டு, 1872, நம் கதையின் திருப்புமுனை. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் 'மரியா லூஸ்' என்னும் பெரு நாட்டுக் கப்பல், புயலில் சேதமுற்று யோக்கோஹாமா துறைமுகத்தில் ஒதுங்கியது. ஒப்பந்தக் கூலிகளாகச் சீனர் இருநூற்று முப்பதின்மர் அளவில் அதில் அடைபட்டிருந்தனர். ஒருவர் கடலில் குதித்து நீந்தி, அங்கு நின்ற ஆங்கிலப் போர்க்கப்பலை அடைந்து தம் துயரைச் சொன்னார். ஜப்பானிய அரசு விசாரணை நடத்தியது. ஓயே தாக்கு என்னும் அதிகாரி நடுவராக அமர்ந்தார். மனிதரைச் சரக்காகக் கொண்டுசெல்லும் ஒப்பந்தம் செல்லாது என்று சீனர்களை விடுவித்துத் தாயகம் அனுப்பினார்.

ஆனால் வழக்கு நடந்தபோது கப்பல்தலைவனின் தரப்பு வழக்கறிஞர் ஒரு வாதத்தை எழுப்பினார். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் ஒப்பந்தம் தவறென்றால், இந்நாட்டுப் பெண்களை அதே முறையில் கட்டிவைத்திருப்பது எவ்வாறு சரியாகும் என்று கேட்டார். உலகத்தின் முன் அரசு நாணிற்று. அவ்வாண்டு முடிவதற்குள், கெய்ஷாக்களையும் பரத்தையரையும் கட்டிலிருந்து விடுவிக்கும் ஆணை பிறந்தது. கடனைத் திருப்பிக் கேட்கலாகாது என்பதற்கு நீதித் துறை காட்டிய காரணம் விந்தையானது. இப்பெண்கள் மனித உரிமையை இழந்து மாட்டையும் குதிரையையும் ஒத்த நிலையில் உள்ளனர். மாட்டிடமும் குதிரையிடமும் எவரும் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே இவர்களிடமும் கேட்கலாகாது என்பது அந்த விளக்கம். விடுதலை கொடுத்த வாயே இழிவையும் கொடுத்தது. மக்கள் அதனை 'மாடு குதிரை அவிழ்ப்பு ஆணை' என்றே அழைத்தனர்.

மாணவர்களே, ஆணை பிறந்தவுடன் பெண்கள் எல்லோரும் விடுதலை பெற்று மகிழ்ந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டு அவிழ்ந்தது, கையில் பிழைப்பு இல்லை. வீடு திரும்பினால் அங்கே அதே வறுமை. சில காலத்திற்குள் அரசே உரிமம் வழங்கி, "இவர்கள் தாமாக விரும்பித் தொழில் செய்கின்றனர்" என்ற பெயரில் பழைய முறை திரும்பிவிட்டது. நீதிமன்றங்களும் நெடுங்காலம் ஒரு நூதன வேறுபாட்டைக் கண்டன. பெண்ணைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும் பகுதி செல்லாது. ஆனால் கடன் கடனே, அதனைத் தீர்த்தாகவேண்டும் என்றன. கதவு திறந்திருக்கிறது, காலில் சங்கிலி மட்டும் இருக்கிறது என்பது போன்ற நீதி அது!

இதற்கிடையே விருந்திசை வேறு வழிகளையும் தேடிக்கொண்டது. 1869ஆம் ஆண்டில் பேரரசர் டோக்கியோவிற்குக் குடிபெயரவே, ஆயிரம் ஆண்டு தலைநகராக இருந்த கியோத்தோ ஒளி குன்றியது. நகரைத் தூக்கி நிறுத்தப் பொருட்காட்சி நடத்தினர். அதன் பகுதியாக 1872ஆம் ஆண்டில் கியோன் பகுதிக் கலைஞர்கள் மேடையேறி 'மியாக்கோ ஓதோரி' என்னும் ஆடலை நடத்தினர். கியோன் தேநீர் இல்லங்களில் அறிமுகம் இல்லாத எவரும் நுழைய முடியாது. உணவை வெளிச் சமையற்கூடத்திலிருந்து தருவித்து, கலைஞர் கூலி முதலிய செலவையெல்லாம் இல்லத்தாரே முன்னதாகக் கொடுத்துவிட்டு, பின்னரே விருந்தினருக்குக் கணக்கு அனுப்புவர். நம்பிக்கையின்மேல் நடக்கும் தொழில் அது. மேடையிலோ, நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் அக்கலையைக் காணலாம். டோக்கியோவில் 1883ஆம் ஆண்டில் திறந்த ரொக்குமெய்க்கான் மாளிகையில் மேனாட்டு உணவும் நடனமும் பாண்டு வாத்தியமும் முழங்கின. அது மேன்மக்களுக்கு மட்டுமே. 1903ஆம் ஆண்டில் திறந்த ஹிபியா பூங்காவிலோ உண்டிச்சாலை ஒன்றும் அமைந்தது. 1905ஆம் ஆண்டில் இசை மேடையும் எழுந்தது. இராணுவ வாத்தியக் குழுவினர் மரத்தடியில் வாசிக்க, வழிப்போக்கரும் நின்று கேட்டனர்.

போர் வந்தது; இசை ஒடுங்கியது. 1940 அக்டோபர் இறுதியில் நடனக் கூடங்கள் மூடப்பட்டன. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க, ஆங்கிலப் பாடல்கள் ஏறத்தாழ ஆயிரம் தடைசெய்யப்பட்டன. 1944 மார்ச்சில் உயர்தர உண்டிச்சாலைகளும் கெய்ஷா இல்லங்களும் அடைக்கப்பட்டன. ஷாமிசென் மீட்டிய விரல்கள் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. போர் முடிந்த பின்னும் உணவுப் பஞ்சம் நீங்கவில்லை. 1947 ஜூலையில் உண்டிச்சாலைகளை மூட மீண்டும் ஆணை பிறந்தது. 1949ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. சோறு இல்லாத நாட்டில் விருந்தேது?

அந்த இருண்ட ஆண்டுகளில்தான் நீதியின் விளக்கு ஏற்றப்பட்டது. 1947 மே மூன்றாம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, எவரையும் கொத்தடிமையாக வைக்கலாகாது என்றது. அவ்வாண்டின் தொழிலாளர் சட்டம், முன்பணக் கடனை உழைப்பவர் கூலியிலிருந்து கழித்துக்கொள்வதைத் தடுத்தது. 1955 அக்டோபர் ஏழாம் நாள் ஜப்பானின் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஒரு தந்தை பணம் பெற்றுக்கொண்டு, பதினாறு வயதும் நிரம்பாத தன் மகளை உண்டிச்சாலை ஒன்றில் மது ஊற்றும் பணிக்கு விட்டிருந்தார். கடனைத் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கு. பெண்ணின் உழைப்பும் கடனும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று செல்லாதென்றால் மற்றதும் செல்லாது. கடனைத் தரவேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டு ஆணை சொல்லித் தவறவிட்டதை நிலைநாட்ட எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின!

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். போரின் பின் அமெரிக்கப் படையினருக்கான விடுதிகளில் ஜாஸ் இசை வாசிக்க ஆட்கள் தேவைப்பட்டனர். மஞ்சூரியாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தோஷிக்கோ அக்கியோஷி என்னும் பதினாறு வயதுப் பெண், 1946ஆம் ஆண்டில் பெப்பு நகர நடனக் கூடம் ஒன்றில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். பத்தாண்டுகளில் அமெரிக்கா சென்று பயின்று, உலகப் புகழ் பெற்றார். இன்னொரு பக்கம், கித்தார் சுமந்து மதுக்கடைதோறும் சென்று, கேட்டோர் விரும்பிய பாடலை வாசித்துக் காசு பெறும் கலைஞர்கள் நகரத் தெருக்களில் மிகுந்தனர். அவர்களுடைய பிழைப்பைக் குலைத்தது ஓர் இயந்திரம். கோபே நகரக் கேளிக்கை விடுதிகளில் பாடுவோர்க்குப் பக்கவாத்தியம் வாசித்த இனோவே தைசுக்கே, தாம் போக இயலாத இடத்திற்குத் தம் இசையை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினார். அதிலிருந்து எழுந்த எண்ணத்தால், 1971ஆம் ஆண்டில் காசு போட்டால் பக்கவாத்தியம் ஒலிக்கும் பெட்டிகள் பதினொன்றைச் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவருக்கு முன்பே, 1967ஆம் ஆண்டில், நெகிஷி ஷிகெயிச்சி என்பவரும் இத்தகைய கருவி ஒன்றை அமைத்திருந்தார். இனோவே காப்புரிமை பெறவில்லை. 'கரவோக்கே' என்னும் சொல்லுக்கு வெற்று இசைக்குழு என்று பொருள். வாசிப்பவன் இருந்த இடம் வெறுமையாயிற்று என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

எனினும் உயிருள்ள இசை ஒழிந்துவிடவில்லை. த்சுகாரு நிலத்து நகரங்களில் இன்றும் உண்போர் நடுவே ஷாமிசென் முழங்குகிறது. அன்று வாசலில் நின்ற இசை இன்று மேடையில் அமர்ந்திருக்கிறது. தெற்கே ஒக்கினாவாவின் நாஹா நகரத்து உணவு விடுதிகளில் சான்ஷின் ஒலிக்க, உண்டுகொண்டிருப்போர் எழுந்து கைகளை உயர்த்தி ஆடுவர். வாசிப்பவர், உண்பவர் என்ற பிரிவு அங்கே சிறிது நேரம் மறைகிறது.

அந்தச் சான்ஷினுக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1945ஆம் ஆண்டுப் போரில் ஒக்கினாவா எரிந்தது. எஞ்சிய மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். கருவிகளெல்லாம் வீட்டோடு அழிந்துபோயின. அம்மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? உணவு அடைத்து வந்த வெற்றுத் தகரக் குவளையைக் குடமாகவும், கட்டில் மரத்தைத் தண்டாகவும், வான்குடையின் கயிற்றை நரம்பாகவும் கொண்டு சான்ஷின் செய்துகொண்டனர். பசி தீர்த்த குவளையே இசைக்கருவியாயிற்று. அங்கே விருந்தினர் என்று எவரும் இல்லை. கூலி என்று எதுவும் இல்லை. முதலில் உண்டனர், பிறகு தமக்காகவே வாசித்தனர்.

என் மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்கவேண்டிய விடை இதுதான். வாசிப்பவர் எப்பொழுது உண்பார் என்பது, அவர் யாருடைய கடனில் அமர்ந்து வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவிழ்த்துவிட்டோம் என்று எழுதும் ஆணை மட்டும் ஒருவரை விடுவிப்பதில்லை. அவர் உழைப்பின் கூலி அவர் கைக்கே வரும்போதுதான் விடுதலை முழுமை பெறுகிறது. நீங்களும் ஒரு நாள் இசையோடு கூடிய விருந்தில் அமரக்கூடும். அப்போது உணவின் சுவையையும் பாட்டின் இனிமையையும் போற்றுங்கள். அறையின் ஓரத்தையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் கேட்கும் கேள்விக்கு, என்னைப்போல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.